பின்சீற்றுப் பாட்டு

கடல் கடந்த பாட்டு – 7

அட்டாளைச்சேனையிலிருந்து நுவரெலியாவுக்குப் பாடசாலைச் சுற்றுலா போகும் பஸ் அம்பாறையைத் தாண்டும் முன்பே பின்சீற்றில் கச்சேரி தொடங்கிவிடும். எங்கள் காலத்திலும் அப்படித்தான். வாத்தியம் ஒன்றும் கிடையாது. ஒருவன் முன்சீற்றின் முதுகில் விரலால் தட்டுவான், இன்னொருவன் வெறும் தண்ணீர்ப் போத்தலில். மற்றவர்களுக்குச் சப்பாத்துக் காலும் தரையும் போதும். தக்கிட தக்கிட என்று மும்மூன்றாய்க் குதிக்கும் அந்தத் தாளம் சூடேறியதும் 'சுராங்கனி' பாட்டு வரும். முன்னாலிருந்து சேர் திரும்பி முறைப்பார். கொஞ்ச நேரத்தில் அவர் காலும் ஆடும்.

அந்தத் தாளம்தான் பைலா. போர்த்துக்கீச மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது. தரையைத் தட்டிய சப்பாத்தும் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல்தான். வீட்டுக் கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், காலையில் தின்ற பாண் எல்லாமே அந்தக் கப்பலில் வந்தவை.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கீசர் முஸ்லிம்களை விரட்டியபோது, 1626-ல் கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். நாலாயிரம் பேர் என்று எழுதி வைத்தவர் குவேறோஸ் என்ற போர்த்துக்கீசப் பாதிரியார். (அதற்கு முன்பே இந்தக் கரையில் நம்மவர் இருந்தார்கள், அது வேறு கதை.) விரட்டியவன் அத்தோடு விடவில்லை. இரண்டு வருடத்தில் மட்டக்களப்புக்கும் வந்து கோட்டை கட்டினான். 1638-ல் அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தான். அவனுடைய தாளத்துக்குத்தான் பஸ்ஸில் நாங்கள் காலாட்டினோம்.

கோட்டை கைமாறினாலும் குடும்பங்கள் தங்கின. மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கீசக் கிரியோலை வீட்டில் பேசி, கல்யாணங்களில் வயலின் இழைத்துக் கஃப்ரிஞ்ஞா ஆடி வந்தார்கள். அந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஆபிரிக்கர் இருக்கிறார்கள். காப்பிரி என்று அன்று அழைக்கப்பட்டவர்கள். தெற்கே பொலிஸ்காரர் வோலி பஸ்தியான்ஸ் கையில் இது சிங்களப் பைலாவாயிற்று. ஏ. ஈ. மனோகரன் பாடத் தமிழ்ப் பொப் ஆயிற்று. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜாவும் சுராங்கனியை எடுத்துக்கொண்டார்.

இனி, அந்தத் தாளத்தின் தாய்நாட்டைப் பாருங்கள். போர்த்துக்கலுக்குத் தேசிய இசை என்றால் ஃபாடோ. சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி அதை முதலில் தணிக்கை செய்தது, பிறகு தன் முகமாக்கிக்கொண்டது. 1974 ஏப்ரல் 25-ல் அந்த ஆட்சி விழுந்த இரவு, படைகளுக்குச் சைகையாக வானொலியில் ஒலித்தது ஃபாடோ அல்ல. தடைகளைச் சந்தித்த சேக்கா அஃபோன்சோவின் ஒரு பாட்டு. அப்போது பழைய ஆட்சியின் வாடை என்று ஒதுக்கப்பட்ட ஃபாடோ மெல்ல எழுந்து வந்தது. 1999-ல் பாடகி அமாலியா ரொட்ரிகஸ் இறந்தபோது மூன்று நாள் தேசிய துக்கம். 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம். உலகச் சந்தையில் தன் பெயர் தொலைந்துபோகும் என்று அஞ்சும் சிறிய நாட்டுக்கு இப்படியொரு முத்திரை வேண்டியிருக்கிறது. ஆனால் ஃபாடோவின் வேரைத் தோண்டிய ஆய்வாளர் பலர், பிரேசிலில் ஆபிரிக்க அடிமைகள் ஆடிய ஆட்டத்தில் போய் நிற்கிறார்கள். இன்று அதை உலகமெங்கும் பாடும் மரீசா பிறந்தது மொசாம்பிக்கில். சுத்தமான போர்த்துக்கீசப் பாட்டு என்று ஒன்றை அங்கேயே தேடி எடுக்க முடியாது. எங்கள் பின்சீற்றுப் பையன்களுக்கு பைலாவில் உள்ள உரிமை லிஸ்பன்காரனுக்கு ஃபாடோவில் உள்ளதைவிடக் குறைந்ததல்ல என்பேன்.

ஒன்றில் மட்டும் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மட்டக்களப்புக்கு வந்து பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் ஒவ்வொன்றாகப் பதிந்து காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். நம்முடைய பொல்லடிப் பாட்டோ அண்ணாவிமாரின் தொண்டையில்தான் இருக்கிறது. தாளை எடுத்து எழுதி வைத்தவர் கொஞ்சம், பாடக் கேட்டுப் பதிந்தவர் அதைவிடக் கொஞ்சம். உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ பொல்லெடுத்து ஆடியவர் என்றால், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவை அழுத்துங்கள். சொல் மறந்த இடத்தில் அவர் தாளத்தை மட்டும் தட்டினால் அதையும் விடாதீர்கள்.