சுருள் பல்பை ஒரு அடி தள்ளி வைப்போம்

பெருமாநல்லூர் பக்கம் கம்பெனியில் இருந்து பனியன் பீஸ் வாங்கி வந்து, வீட்டிலேயே பிசிறு வெட்டும் சகோதரிகள் நம் குழுக்களில் நிறைய. ராத்திரியில் நூல் கண்ணுக்குத் தெரியணுமே என்று விளக்கை இழுத்துக் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். இப்போது பல வீடுகளில் எல்.இ.டி. வந்தாச்சு. ஆனாலும் பழைய சுருள் பல்பு, அதாவது சி.எப்.எல்., எரிகிற வரைக்கும் எரியட்டும் என்று விட்டுவைத்திருப்போம். அதைத்தான் கொஞ்சம் கவனிக்கணும்.

சுருள் குழாய்க்குள் துளி பாதரசம் இருக்கிறது. கரண்ட் பாயும்போது அந்த ஆவியில் இருந்து பெரும்பாலும் வருவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். வெயிலில் நம் தோலைக் கறுக்க வைப்பதும் புற ஊதாக் கதிர்தான். குழாயின் உள்பக்கம் பூசிய வெள்ளைப் பொடி அந்தக் கதிரை வெளிச்சமாக மாற்றித் தருகிறது. குழாயை இறுக்கி வளைத்த இடங்களில் பொடி விரிசல் விட்டால் கதிர் கொஞ்சம் கசியும். 2012-ல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தார் கடையில் வாங்கிய பல்புகளிலேயே இதைப் பார்த்தார்கள். கிட்டத்தில் வைத்த தோல் செல்கள் பாதிக்கப்பட்டன. பழைய குண்டு பல்பில் அப்படி ஆகவில்லை. அது ஆய்வகத்தில் வளர்த்த செல், நம் கை இல்லை என்பதையும் சொல்லணும்.

அதனால் பயந்து ஓட வேண்டாம். தள்ளிப் போகப் போகக் கதிர் வேகமாகக் குறைந்துவிடும். இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2008-ல் சொன்னது இதுதான்: உறை இல்லாத சுருள் பல்புக்குப் பக்கத்தில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருப்பவர்கள் 30 செ.மீ., அதாவது ஒரு அடி, தள்ளி உட்காரணும். உச்சியில் தொங்கும் பல்பால் முகம் கறுத்துப்போச்சு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மத்தியானம் பஸ்சுக்கு நிற்கும்போது படும் வெயில் அதைவிட எத்தனையோ மடங்கு.

லூபஸ் மாதிரி, வெளிச்சம் பட்டாலே தோல் தடிக்கும் நோய் இருப்பவர்களுக்கு மட்டும் இது போதாது. அவர்கள் எல்.இ.டி.க்கு மாறிவிடுவதே நல்லது. வீட்டு எல்.இ.டி.யில் புற ஊதா அநேகமாகக் கிடையாது. உள்கடன் கேட்கிற அளவுக்குச் செலவும் இல்லை!

செக்கிங் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கம்பெனியில் கலர் பார்க்கும் பெட்டியில் வெள்ளை பனியனை நீலமாக மினுக்க வைக்கும் விளக்கு ஒன்று இருக்கும். அதில் கதிர் கசிவது இல்லை, வேணும் என்றே விடுவது. அந்த விளக்கை உற்றுப் பார்க்காதீர்கள். பீஸைப் பார்த்து முடித்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.