இணைப்பில் தொலையும் மின்சாரம்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பெருந்தெரு, பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறும். மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவை நோக்கி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே பொழுது சாயுமுன்பே மூடுபனி கவிவதுண்டு.

கொழுந்து ஏற்றிய சிறிய லொறியொன்று அவ்வேளையில் வருகின்றதென வைத்துக்கொள்வோம். முகவிளக்கு மஞ்சளாக மங்குகின்றது. சக்கரம் குழியில் விழும்போது ஒரு கணம் அணைந்து மீண்டும் எரிகின்றது. வளைவில் அந்த ஒரு கணம் போதும், உயிருக்கு ஆபத்து நேர. பற்றரி பழுதென்று எண்ணிச் சாரதி புதியதொன்றை வாங்கிப் பூட்டுகின்றார். விளக்கோ பழையபடியே மங்குகின்றது.

இத்தகைய குற்றம் பெரும்பாலும் கம்பியும் கம்பியும், அல்லது கம்பியும் இரும்பும் சந்திக்கும் இடத்திலேயே இருக்கும். மலைப்பாதையின் அதிர்வில் திருகாணிகள் தளரும்; ஈரம் புகுந்து செம்பிலே பச்சைக் களிம்பு ஏறும்; இரும்பு துருப்பிடிக்கும். 55 வாற்று விளக்குகள் இரண்டு, 12 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இணைப்பிலே 0.1 ஓம் தடை இருந்தால் அங்கேயே 0.9 வோல்ற்று தொலைந்துவிடும். இழப்பு சிறிதுதானே என்று தோன்றும். ஆனால் வெளிச்சத்தில் ஏறத்தாழக் காற்பங்கு போய்விடும். அந்த இணைப்பும் சூடேறிக் கருகும். உருகி இதைக் காட்டிக்கொடாது. மின்னோட்டம் குறைகின்றதேயன்றிக் கூடவில்லையே!

சோதிப்பவர் ஏமாறும் இடமொன்று உண்டு. விளக்கைக் கழற்றிவிட்டுக் கம்பியில் வோல்ற்றுமானியை வைத்தால் அது 12 வோல்ற்றைக் காட்டும். மானி இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறிது. ஆகையால் தடையில் இழப்பும் இல்லை. பாசி அடைத்த தண்ணீர்க் குழாயும் அப்படித்தான்: வாயை மூடியிருக்கையில் அழுத்தம் குறைவின்றி இருக்கும், திறந்தாலோ நூல்போல ஒழுகும்.

ஆகவே விளக்கை எரியவிட்டே சோதிக்க வேண்டும். மானியின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும், மற்றதை விளக்கிலிருந்து மின்னோட்டம் திரும்பும் முனையிலும் வையுங்கள். மானி பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். அரை வோல்ற்றுக்கு மேற்பட்டால், மெக்கானிக்குகள் ‘ஏர்த்’ என்று சொல்லும் மீள்வழியிலே குற்றம் உண்டு. வாகனத்தின் இரும்புடலே இந்த வழியில் பாதி என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். திரும்பும் சைகை விளக்கைப் போட்டதும் பக்கத்துப் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டினால், முதலில் ஐயுற வேண்டியது இதனையே. நேர்முனைப் பக்கத்தையும் இவ்வாறே அளந்து, இணைப்பு இணைப்பாக நகருங்கள். அளவு எங்கே திடீரெனத் தாவுகின்றதோ அங்கேதான் களிம்பு.

செப்பனிடுமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். இணைப்பை அரத்தாளால் பளிச்சிடத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, ஈரம் புகாதிருக்க மேலே சிறிது வசிலின் பூசலாம். கம்பிகளை முறுக்கி நாடா சுற்றிவிடும் கைவேலை அடுத்த மழைவரைக்குந்தான்.

எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டருக்கும் இதே சோதனைதான். அது 150 அம்பியர் இழுக்குமாயின், 0.02 ஓம் தடைகூட 3 வோல்ற்றை விழுங்கிவிடும். லொறி முனகுமேயன்றிக் கிளம்பாது. அப்போதும் பற்றரிக் கடைக்குப் போகுமுன், அதன் முனைகளில் வெண்பொடி பூத்திருக்கின்றதா என்று பாருங்கள்.