ஹொட்டேல் கட்டிலில் மூட்டைப்பூச்சி

லண்டனில் இருக்கும் எம்மவர்களுக்குப் பரிஸ் இப்போது பக்கத்து ஊர் மாதிரி. யூரோஸ்டாரில் ஏறினால் ஏறக்குறைய இரண்டேகால் மணித்தியாலத்தில் கார் து நோரில் இறங்கி, அங்கிருந்து நடந்தே லாச்சப்பல் கடைத்தெருவுக்குப் போய்விடலாம். கலியாணம், சாமத்தியவீடு, பிள்ளையார் கோயில் தேர் என்று அடிக்கடி போய்வரும் குடும்பங்கள் பல. முன்பெல்லாம் சொந்தக்காரர் வீட்டில் பாய் விரித்துப் படுத்தோம். இப்போது அவர்களுடைய சிறிய வீடுகளில் இடைஞ்சல் கொடுக்க விரும்பாமல் ஹொட்டேலில் அறை எடுக்கிறோம். இம்முறை நலவாழ்வுப் பகுதியில் அந்த ஹொட்டேல் கட்டிலைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பரிஸில் மூட்டைப்பூச்சி பெருகிவிட்டது என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. சில செய்திகள் ஊதிப் பெருப்பிக்கப்பட்டவைதான். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த பிரெஞ்சு அரச சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனமான அன்செஸின் அறிக்கை, 2017 முதல் 2022 வரையான காலத்தில் பிரான்சின் வீடுகளில் 11 வீதமானவை மூட்டைப்பூச்சித் தொல்லையைக் கண்டவை என்று சொன்னது. லண்டனும் நியூயோர்க்கும் ரொறன்ரோவும் இதற்கு விலக்கல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.ரி. மருந்து அடித்துப் பணக்கார நாடுகளில் ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் இருந்து அது திரும்பி வந்தது. மக்கள் அதிகம் பயணம் செய்வது ஒரு காரணம். பூச்சி மருந்துகளுக்கு அது பழகிப்போனது இன்னொன்று.

நாங்கள் தங்கியது ரயில் நிலையத்துக்குக் கிட்ட, நல்ல சுத்தமான ஹொட்டேல். வெள்ளை விரிப்பு, மணக்கும் குளியலறை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை அம்மாவின் முழங்கைக்குக் கீழே மூன்று தடிப்புகள் வரிசையாக இருந்தன. அம்மா முதல்நாள் சாப்பிட்ட இறால் பொரியலில் பழியைப் போட்டார். போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுப் பலகையைச் சற்று இழுத்துப் பார்த்தோம். பேனை மை சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள், மெத்தைத் தையலில் காய்ந்த தோல்கள், அப்பிள் விதை அளவில் தட்டையான மண்ணிறப் பூச்சி ஒன்று. அதை ஒட்டுநாடாவில் ஒட்டிக் கீழே வரவேற்பு மேசைக்குக் கொண்டுபோனோம். இதுவரை ஒருவரும் முறையிடவில்லை என்றார்கள். பிறகு பக்கத்து அறையைத் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம். இந்தப் பூச்சிக்குப் பறக்கவும் தெரியாது, பாயவும் தெரியாது. ஆனால் சுவர் வெடிப்பு வழியாகவும் மின்சார வயர் போகும் ஓட்டை வழியாகவும் ஊர்ந்து பக்கத்து அறைக்கும் மேல், கீழ் அறைகளுக்கும் போய்விடும். ஆகவே வேறு மாடியில், தூரத்தில் உள்ள அறையைத்தான் கேட்க வேண்டும்.

கடியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நாம் மூச்சுவிடும்போது வெளிவரும் கரியமில வாயுவும் உடல் சூடும்தான் பூச்சியை இழுக்கின்றன. போர்வைக்கு வெளியே தெரியும் முகம், கழுத்து, கைகளில் வரிசையாகவோ கூட்டமாகவோ கடிக்கும். சிலருக்கு உடனே தடிக்கும், சிலருக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே கட்டிலில் படுத்த இருவரில் ஒருவர் சொறிந்துகொண்டிருக்க மற்றவர் சும்மா இருப்பது இதனால்தான். படங்களில் காட்டும் சிவப்பு நிறம் எங்களுடைய மண்ணிறத் தோலில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதையும் கவனியுங்கள்.

இது மனிதருக்கு நோய் பரப்புவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அந்த வகையில் நுளம்பை விட நல்லது! ஆனால் சொறிந்த இடம் புண்ணாகிக் கிருமி தொற்றலாம். நீரிழிவு உள்ளவர்கள் காலில் கடி இருந்தால் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த ஈரத்துணி வைத்தால் கடி அடங்கும். பாமசியில் ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீம் வாங்கலாம். கர்ப்பிணிகளும் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் வைத்தியரிடம் கேட்டே பூச வேண்டும். கடி தாங்கமுடியாவிட்டால் அன்ரிஹிஸ்டமின் மாத்திரை உதவும். ஆனால் சில வகை நித்திரை மயக்கம் தரும் என்பதால், வேறு மருந்து எடுக்கும் முதியவர்களுக்கு எது பொருத்தம் என்று மருந்தாளரிடம் கேளுங்கள். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ பிரான்சில் 112ஐ அழைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை வெட்கம். அடுத்த இரண்டு இரவும் லாகூர்நோவில் அக்கா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அம்மா எங்களைப் பிடித்துக்கொண்டார்: "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை. பிறகு எங்களைக் கண்டால் சனம் கதிரையைத் தள்ளிப்போட்டு இருக்கும்." நாங்கள் அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னோம். அக்கா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "சொன்னது நல்லதாப் போச்சு. எங்கடை கட்டிடத்திலை முந்தி ஒருக்கா வந்து ஆறு மாதம் அலைஞ்சனாங்கள். கறுப்புப் பையிலை உடுப்பைக் கட்டிக்கொண்டு வாங்கோ, வந்தவுடனை நேரே மெசினுக்குள்ளை போடுவம். பெட்டி வெளியிலை பல்கனியிலை நிக்கட்டும்" என்றார். மூட்டைப்பூச்சி ஊத்தை வீட்டுக்குத்தான் வரும் என்ற எண்ணம் பிழை. அதற்குத் தேவை இரத்தமும் ஒளிக்க ஒரு வெடிப்பும்தான். ஐந்து நட்சத்திர ஹொட்டேலிலும் இரண்டும் உண்டு. ஊரில் படமாளிகைக் கதிரையில் கடி வாங்கியவர்களுக்கு இதில் என்ன வெட்கமோ தெரியவில்லை.

வீடு திரும்பியதும் சூட்கேஸைப் படுக்கை அறைக்குக் கொண்டுபோக வேண்டாம். உடுப்புகளை 60 பாகையில் தோய்த்து, சூடான உலர்த்தியில் அரை மணித்தியாலமாவது விடுங்கள். சூடு பூச்சியையும் முட்டையையும் சேர்த்தே கொல்லும். பட்டுச்சேலையை அப்படிச் செய்ய முடியாது. அதைக் காற்றுப்புகாத பையில் இறுக்கிக் கட்டி, -18 பாகை உறைகுளிரில் நான்கு நாள் வையுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு காஞ்சிபுரம் சேலைகள் மீன் பைகளுக்குப் பக்கத்தில் கிடந்தன. வெளியில் எடுத்தவுடன் பையைத் திறக்க வேண்டாம். குளிர் முற்றாக இறங்கிய பின் திறந்தால் சரிகையில் ஈரம் படியாது.

சூட்கேஸின் தையல், சில்லு, உள்மடிப்பு எல்லாவற்றையும் தூசு உறிஞ்சியால் இழுத்து, உறிஞ்சிய தூசைப் பையில் கட்டி உடனே வெளியே எறியுங்கள். சூட்கேஸை மூட்டைபோல் பையில் கட்டிச் சில நாள் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பூச்சி இரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணெண்ணெய் தெளிக்கும் பழைய வைத்தியம் மூடிய அடுக்குமாடி வீட்டில் தீ ஆபத்து. கடைகளில் விற்கும் புகைக்குண்டுகள் வெடிப்புக்குள் இருப்பவற்றை எட்டாது. இரண்டு மூன்று கிழமைக்குள் வீட்டுக் கட்டிலிலும் கறுப்புப் புள்ளி கண்டால் உள்ளூராட்சி சபையையோ பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்பாளரையோ அழையுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்கு அன்றே எழுத்தில் அறிவியுங்கள்.

அடுத்த பயணத்தில் அறைக்கதவைத் திறந்ததும் பெட்டியைக் கட்டிலிலோ கம்பளத்திலோ வைக்காமல் குளியல் தொட்டிக்குள் வையுங்கள். விரிப்பின் நான்கு மூலைகளையும் தூக்கி மெத்தைத் தையலையும், பிறகு தலைமாட்டுப் பலகையையும் போன் வெளிச்சத்தில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எங்கள் அம்மா இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே முதலில் உள்ளே போகிறார்.