பெட்ரோல் வாங்காவிட்டால் விலை இறங்குமா?

"வருகிற ஞாயிற்றுக்கிழமை யாரும் பெட்ரோல் போடாதீர்கள். ஒரே நாளில் கம்பெனிகளுக்குக் கோடிக்கணக்கில் நஷ்டம். மறுநாளே விலை இறங்கும்!"

இப்படி ஒரு செய்தி விலை ஏறும் போதெல்லாம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அன்று. 1999 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவில் ஒருவரும் பெட்ரோல் வாங்கக் கூடாது என்று மின்னஞ்சல் வழியே பெரிய பிரசாரம் நடந்தது. அந்த நாள் வந்தது, போனது, விலை இறங்கவில்லை. ஏன்? மக்களிடம் ஒற்றுமை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையான காரணம் வேறு. ஒரு தொட்டிக் கணக்கைப் போட்டால் அது விளங்கிவிடும்.

ஒரு வீட்டில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் செலவாகிறது என்று வைத்துக் கொள்வோம். ஞாயிறன்று அவர் வாங்கவில்லை. ஆனால் வண்டியை ஓட்டினார். அப்படியானால் சனிக்கிழமையே இரண்டு லிட்டர் போட்டிருப்பார், அல்லது திங்களன்று போடுவார். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள்: அதே 30 லிட்டர். வாங்கிய நாள் மாறியது. எரித்த அளவு மாறவில்லை. கம்பெனி பார்ப்பது மாதக் கணக்கைத்தான்.

இடையில் இன்னொரு தொட்டியும் இருக்கிறது. ஒவ்வொரு பெட்ரோல் பங்கின் தரைக்கு அடியிலும் பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் கலன்கள் உண்டு. 2022 மே 31 அன்று தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களின் பங்க் உரிமையாளர்கள், தங்கள் கமிஷனை உயர்த்தக் கோரி, எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து அன்று ஒரு நாள் சரக்கு எடுக்க மறுத்தார்கள். ஆனால் பங்குகளில் விற்பனை நடந்துகொண்டுதான் இருந்தது. கலனில் இருந்த இருப்பு அந்த அதிர்ச்சியை விழுங்கிவிட்டது. கிணற்றில் ஒரு நாள் நீர் இறைக்காவிட்டால் ஊற்று நின்று விடுமா?

"சரி, எல்லாக் கம்பெனிகளையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கம்பெனியை மட்டும் பல மாதம் ஒதுக்கினால்?" என்று கெட்டிக்கார மாணவர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் பெட்ரோல், சோப்பைப் போன்ற பொருள் அன்று. ஒரு கம்பெனியின் பங்கில் கூட்டம் குறைந்தால் அடுத்த கம்பெனியின் பங்கில் கூட்டம் கூடும். அங்கே சரக்கு போதாமற் போனால், கூட்டம் குறைந்த கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தே அதை வாங்கிக் கொள்ள முடியும். பெயர்ப் பலகை மாறுகிறது, திரவம் அதேதான். நஷ்டப்படுவது அந்தப் பங்கை நடத்துபவரும், அங்கே வெயிலில் நின்று குழாய் பிடிக்கும் தொழிலாளியும்.

இதனால் புறக்கணிப்பு எப்போதுமே வீண் என்று எண்ணிவிட வேண்டாம். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, கொழும்புப் பாதையில் அதுவரை போட்டியின்றி இருந்த ஆங்கிலேயக் கம்பெனி தன் கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. ஏறி அமர இன்னொரு கப்பல் இருந்தது அல்லவா? 1995-இல் ஷெல் நிறுவனம் பிரென்ட் ஸ்பார் என்னும் பழைய எண்ணெய்ச் சேமிப்பு மிதவையைக் கடலில் ஆழ்த்தத் திட்டமிட்டது. ஜெர்மனியில் மக்கள் அதன் பங்குகளை ஒதுக்கினார்கள். ஜூன் 20 அன்று ஷெல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அங்கே கேட்கப்பட்டது விலைக் குறைப்பு அன்று. ஒரு நிறுவனம் தானே எடுத்த, தானே மாற்றிக் கொள்ளக்கூடிய ஒரு முடிவு. பெட்ரோலின் விலையோ அப்படி ஒருவர் கையில் இல்லை.

அப்படியானால் வாங்குவதை அல்ல, எரிப்பதையே குறைத்தால்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

பெட்ரோல் விலை 10 விழுக்காடு ஏறினால் மக்கள் உடனடியாகக் குறைத்துக் கொள்வது 1 முதல் 3 விழுக்காடு வரைதான் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வேலைக்குப் போக வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும். வண்டியை ஒரே நாளில் மாற்ற முடியாது. இதையே தலைகீழாக எண்ணிப் பாருங்கள். அளவு சற்றே மாறினாலும் அது நிலையான மாற்றமாக இருந்தால், விலை பெரிதாக அசைய வேண்டும் அல்லவா? அப்படி அசைந்தும் இருக்கிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தன. பீப்பாய்க்கு 3 டாலரை ஒட்டி இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 1979-இல் ஈரான் புரட்சியை அடுத்து மறுபடி பாய்ந்தது. உலகம் சும்மா இருக்கவில்லை. குறைவாகக் குடிக்கும் கார்களைச் செய்தது. மின் நிலையங்களில் எண்ணெய்க்குப் பதில் நிலக்கரியையும் அணுசக்தியையும் பயன்படுத்தியது. வடகடலிலும் அலாஸ்காவிலும் புதிய எண்ணெய் எடுத்தது. நம் நாட்டிலும் 1974-இல் கண்டறியப்பட்ட பம்பாய் ஹை வயலிலிருந்து 1976-இல் எண்ணெய் வரத் தொடங்கியது. 1979-க்கும் 1983-க்கும் இடையில் உலகின் எண்ணெய்ச் செலவு ஏறக்குறைய 10 விழுக்காடு குறைந்தது. விலையைத் தாங்கிப் பிடிக்க சவுதி அரேபியா தன் உற்பத்தியைப் பாதிக்கும் கீழே குறைத்துப் பார்த்தது. 1985-இல் அலுத்துப் போய்க் குழாயைத் திறந்தது. 1986 நடுவில் பீப்பாய் விலை 10 டாலரை ஒட்டி விழுந்தது.

இதைப் புறக்கணிப்பு என்று யாரும் அழைக்கவில்லை. ஆனால் உண்மையில் வேலை செய்த புறக்கணிப்பு இதுதான் என்பேன். அதற்கு ஒரு நாள் போதவில்லை. ஏழு ஆண்டுகள் பிடித்தன. ஒரு நாடும் போதவில்லை. இன்று உலகம் நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் எண்ணெய் செலவிடுகிறது. அதில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ இருபதில் ஒன்று. நம் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இறக்குமதி. நாம் மட்டும் சிக்கனம் செய்து உலக விலையை இழுத்துவிட முடியாது.

இனி, உலக விலையே விழுந்துவிட்டது என்று கொள்வோம். அது நம் ஊர்ப் பங்க் வரை வந்து சேருமா? இதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கால் உலகத் தேவை நாளொன்றுக்கு இரண்டு கோடி பீப்பாய்க்கு மேல் குறைந்தது. எந்தப் பிரசாரமும் கனவுகூடக் காண முடியாத புறக்கணிப்பு! இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் ஜனவரியில் 60 டாலருக்கு மேல் இருந்தது. ஏப்ரலில் 20 டாலரை ஒட்டி இறங்கியது. சென்னையில் பெட்ரோல் விலை அதே அளவுக்கு இறங்கியதா? இல்லை. மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதத்தில் 10 ரூபாயும் உயர்த்தியது. அந்த மே மாதத்திலேயே மாநில வரியும் உயர்ந்தது. கச்சா எண்ணெயில் மிஞ்சிய பணத்தை வரி எடுத்துக் கொண்டது. ஊரடங்குக் காலத்தில் அரசுகளுக்கு வருமானம் வற்றிப் போயிருந்தது என்பதும் உண்மை. ஆனால் பங்கில் நின்றவருக்கு அது ஆறுதல் ஆகாது.

வரி அமைந்திருக்கும் விதத்தையும் பாருங்கள். கலால் வரி, லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக வைக்கப்படுவது. தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி 2021 ஆகஸ்டில் 13 விழுக்காடும், அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசுமாக அமைக்கப்பட்டது. 2022 மே மாதக் கடைசியில் சென்னையில் ஒரு லிட்டர் 102 ரூபாய் 63 காசு. அதில் இந்த இரு வரிகளும் சேர்ந்து 40 ரூபாய்க்கு மேல். கச்சா எண்ணெய் பாதி விலைக்கு வந்தாலும் நிலையான பகுதி அசையாது. அது மட்டுமா? 2017 ஜூன் முதல் நாள்தோறும் விலை மாற்றும் முறை வந்தது. ஆனால் 2022 மே முதல் 2024 மார்ச் வரை கச்சா எண்ணெய் ஏறி இறங்கிய போதும் பங்க் விலை ஏறக்குறைய அசையாமலே நின்றது.

அப்படியானால் விலை எப்போது இறங்கியது? 2018 செப்டம்பர் 10 அன்று எரிபொருள் விலையைக் கண்டித்து நாடு தழுவிய பந்த் நடந்தது. அக்டோபர் 4 அன்று கலால் வரியில் 1 ரூபாய் 50 காசு குறைந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் குறைத்தது. மத்திய அரசு 2021 நவம்பரில் 5 ரூபாயும், 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தது. இந்த முடிவுகள் எடுக்கப்பட்ட இடம் சட்டமன்றமும் அமைச்சகமும். பங்கை ஒதுக்குவோர் தவறான கதவைத் தட்டுகிறார்கள் என்பது என் கருத்து.

இப்போது கொல்லிமலைக்கு வாருங்கள். அங்கே குண்டனி நாட்டில் இருக்கும் ஒரு விவசாயியிடம் "இன்று பெட்ரோல் வாங்காதே" என்று சொல்லிப் பாருங்கள்! காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அரிசி, உரம், சிமெண்டு எல்லாம் மேலே ஏற வேண்டும். மிளகு, வாழை, அன்னாசி, பலா எல்லாம் கீழே இறங்க வேண்டும். விலை ஏறினால் அவர் குறைத்துக் கொள்ள ஒன்றுமில்லை. காரணம் பௌதிகம்.

அடிவாரத்துக்கும் மலை மேட்டுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1000 மீட்டர். ஒரு டன் எடையை அவ்வளவு உயர்த்தத் தேவையான ஆற்றல் mgh அல்லவா? 1000 × 9.8 × 1000 = 98 லட்சம் ஜூல், அதாவது 9.8 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் ஏறக்குறைய 30 விழுக்காட்டைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே லிட்டருக்குச் சுமார் 10.8 மெகாஜூல். சுமை ஏற்றும் சிறு வண்டியின் காலி எடை 1.7 டன் என்றால், அதை உயர்த்த மட்டும் 16.7 மெகாஜூல், அதாவது ஒன்றரை லிட்டர் டீசல். சாலை உராய்வும் காற்றின் தடையும் இதில் சேரவில்லை. புவியீர்ப்பு பேரம் பேசாது.

கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் என்னவாகிறது? ஒரு பகுதி உராய்வில் தீர்கிறது. சுமை வண்டியில் பெரும்பகுதி பிரேக்கிலும், கீழ்க் கியரில் முனகும் எஞ்சினிலும் வெப்பமாகிறது. மலையிறங்கிய லாரியின் சக்கரத்தருகே வரும் தீய்ந்த வாடை, சில நிமிடம் முன்பு வரை நிலை ஆற்றலாக இருந்ததுதான். டீசல் எஞ்சினால் ஒரு துளியைக்கூடத் திரும்பத் தொட்டியில் ஊற்ற முடியாது.

மின் வண்டியால் முடியும். இறக்கத்தில் அதன் மோட்டார், மின்னாக்கியாகச் சுழன்று மின்கலத்தை நிரப்பும். சுவிட்சர்லாந்தில் ஒரு கல் குவாரியில் 45 டன் எடையுள்ள மின் லாரி ஒன்று காலியாக மேலே ஏறி, 65 டன் சுமையோடு கீழே இறங்குகிறது. இறங்கும்போது அது திரட்டும் மின்சாரம், மீண்டும் ஏறுவதற்குத் தேவையான அளவை எட்டிவிடுகிறது.

கொல்லிமலை வண்டிகளில் பலவும் விளைச்சலைக் கீழே கொண்டு வருபவையே. 1.7 டன் வண்டி காலியாக ஏறி, 1.5 டன் வாழையும் அன்னாசியுமாக இறங்குகிறது என்போம். இறங்கும் 3.2 டன்னின் நிலை ஆற்றல் 31.4 மெகாஜூல். அதில் பாதியே மீண்டாலும் 15.7 மெகாஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல் ஆகையால் ஏறக்குறைய 4.4 யூனிட். ஏற வேண்டிய 16.7 மெகாஜூலுக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது, பார்த்தீர்களா! உராய்வையும் மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் இடைவெளி சற்று விரியும். ஆயினும் ஏற்றத்துக்கான செலவில் நல்ல பங்கை வாழைத்தார்களே கட்டிவிடும்.

மலைப் பக்கம் இருக்கும் மாணவர்கள் ஒரு கணக்கு செய்து பார்க்கலாம். உங்கள் ஊருக்கு வரும் சுமை வண்டி ஓட்டுநரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: வண்டியின் காலி எடை, கீழே கொண்டு போகும் சுமை, மேலே கொண்டு வரும் சுமை. உயரத்துக்கு 1000 மீட்டர் போட்டுக் கொள்ளுங்கள். மேலே வரும் சுமை எவ்வளவு கூடினால், மீளும் பாதி ஆற்றல் ஏற்றச் செலவில் கால் பங்கிற்குக்கூடப் போதாது என்று கண்டுபிடியுங்கள்.