அப்ப, வயர் ஆரின்ர?

இந்த வார எபிசோடில் நேரம் காணாமல் விட்டுப்போன ஒரு கதை இது. எபிசோடை இன்னும் கேட்காதவர்கள் இதை வாசித்துவிட்டுக் கேட்டாலும் ஒன்றும் குறையாது.

போன மாதம் நார்த்மீட்டில் இருக்கும் அம்மா அப்பாவின் வீட்டு இணையத்தை வேறொரு கம்பனிக்கு மாற்றினேன். மாதம் 15 டாலர் மிச்சம். ஃபோனிலேயே பத்து நிமிட வேலைதான். பின்னேரத்துக்குள் புது கம்பனியின் இணைப்பு ஓடத் தொடங்கிவிட்டது. அப்பா சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டியைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"ஒருத்தரும் வரேல்லை, ஒண்டையும் கழட்டேல்லை. நீ என்னத்தை மாத்தினனீ?"

"கம்பனியை, அப்பா."

"அப்ப, வயர் ஆரின்ர?"

அடுத்த ஒரு மணி நேரம் இதைத்தான் கதைத்தோம். பிராட்பேண்ட் உலகத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

வயர் வைத்திருப்பவரே இணையத்தையும் விற்றால் அது மூடிய முறை. வயர் ஒருவருடையது, அதற்கு வாடகை கட்டி யாரும் இணையம் விற்கலாம், வாடகை எல்லோருக்கும் ஒன்றே என்றால் அது திறந்த முறை. சிட்னியில் இரண்டையும் பார்த்தாயிற்று.

1990களின் நடுப்பகுதியில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் பே டிவிக்காகப் போட்டி போட்டுக் கேபிள் இழுத்தன. சிட்னியின் பல தெருக்களில் இரண்டு கேபிள்களும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஊர்ப்புறங்களுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. மூடிய முறையின் கணக்கு அப்படித்தான்: இலாபம் இருக்கிற தெருவில் இரண்டு வயர், மற்றத் தெருவில் ஒன்றுமில்லை.

பழைய செப்பு டெலிபோன் வயரோ டெல்ஸ்ட்ராவிடம் இருந்தது. அரசாங்கம் அந்த நிறுவனத்தை 1997, 1999, 2006 என்று மூன்று தடவையாக விற்றது. வேறு கம்பனிகள் இணையம் விற்க வேண்டுமென்றால், தங்களுடைய பெரிய போட்டியாளரிடமே போய் வயரை வாடகைக்குக் கேட்க வேண்டும். சந்தைக் கட்டடம் முழுவதும் எதிர்க்கடைக்காரருடையது என்றால் வாடகை எப்படி நியாயமாக இருக்கும்?

இதற்குப் பதிலாகத்தான் 2009 ஏப்ரலில் கெவின் ரட் அரசாங்கம் என்பிஎன் கம்பனியை உருவாக்கியது. நாங்கள் நேரே போய் அவர்களிடம் இணையம் வாங்க முடியாது. அவர்கள் கம்பனிகளுக்கு மொத்தமாக மட்டுமே விற்கலாம், எல்லோருக்கும் ஒரே நிபந்தனையில் விற்க வேண்டும். 2011இல் அது சட்டமாகவும் வந்தது. நாடு முழுவதும் 121 இடங்களில் சில்லறைக் கம்பனிகள் தங்கள் இணைப்பை என்பிஎன் வலையோடு பொருத்துகின்றன. நான் மாற்றியதெல்லாம், எங்கட வீட்டு ட்ராஃபிக் அந்தச் சந்தியில் யாரிடம் கைமாறுகிறது என்பதை மட்டும்தான். அதனால்தான் வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை.

அப்ப திறந்த முறை வந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை.

முதலாவது, திறந்த வயர் என்றால் நல்ல வயர் என்று அர்த்தமில்லை. முதல் திட்டம் பத்தில் ஒன்பது வீட்டுக்கு ஃபைபர். 2013இல் ஆட்சி மாறியதும் திட்டமும் மாறியது. பழைய செப்பு வயரும், அந்த 90களின் பே டிவி கேபிள்களும் என்பிஎன்னுக்குள் வந்தன. 2020இல் 4.5 பில்லியன் டாலர் திட்டம் ஒன்றை அறிவித்து, செப்பு வயர் வீடுகள் பலவற்றுக்குத் திரும்ப ஃபைபர் போடத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, வாடகையை எப்படிப் போடுகிறார்கள் என்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டணம். அதற்கு மேல் சிவிசி என்று இன்னொன்று இருந்தது. ஒரு சந்தியில் தன் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து எவ்வளவு அகலமான பாதை வேண்டும் என்று கம்பனி முன்கூட்டியே வாங்க வேண்டியிருந்தது. ஆரம்ப விலை ஒரு மெகாபிட்டுக்கு மாதம் 20 டாலர். மலிவாக விற்க நினைத்த கம்பனி என்ன செய்தது? பாதையைக் கொஞ்சம் ஒடுக்கமாக வாங்கியது. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தபோது அதே ஃபைபரிலும் வேகம் விழுந்தது. கடைகள் நிறைய இருந்தன, ஆனால் எல்லாக் கடையின் விலையையும் தரத்தையும் அந்த வாடகைதான் தீர்மானித்தது. 2023 டிசம்பரில் 100 மெகாபிட்டும் அதற்கு மேலுமான திட்டங்களுக்கு சிவிசியை எடுத்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அங்கே இதை மூன்றாகப் பிரித்தார்கள்: ஃபைபர் ஒருவரிடம், அதை ஓட வைக்கும் கருவிகள் இன்னொருவரிடம், விற்பனை பல கம்பனிகளிடம். விரும்பிய சில்லறைக் கம்பனி வெறும் ஃபைபரையே வாடகைக்கு எடுத்து, தன் கருவியை இரண்டு பக்கமும் மாட்டி, வேகத்தைத் தானே முடிவு செய்யலாம். இங்கே வேகத்தின் படிகளை என்பிஎன்தான் போடுகிறது. 2025 செப்டம்பர் 14 அன்று, ஃபைபரிலும் பே டிவி கேபிளிலும் 100இல் இருந்த திட்டம் 500ஆக உயர்ந்தது, எந்தக் கம்பனியாக இருந்தாலும். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு முதல் நாள் வரை, மொத்த வாடகைப் பட்டியலில் இல்லாத வேகத்தை எந்தக் கம்பனியும் அந்த வயரில் விற்றிருக்க முடியாது. ஆகவே "திறந்ததா?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தப் படியில் திறந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அப்பா இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஷொப்பிங் சென்ரரில் யாரோ கொடுத்த ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து வந்தார். 5ஜி வீட்டு இணையம், வயரே வேண்டாம், முதல் ஆறு மாதம் அரை விலை.

"இது ஆரின்ர?"

"நெட்வேர்க்கும் அவையின்ர, கடையும் அவையின்ர."

பெரிய மொபைல் கம்பனிகள் 5ஜியைத் தள்ளித் தள்ளி விற்பதற்கு இதுதான் பெரிய காரணம்: என்பிஎன்னுக்கு வாடகை கட்டத் தேவையில்லை. ஸ்டார்லிங்கிடம் நேரே வாங்கினாலும் அப்படித்தான், செய்மதியும் பில்லும் ஒரே இடம். மூடிய முறையின் வாதத்தையும் மதிக்க வேண்டும். தன் காசைப் போட்டுக் கட்டியவர் அதில் உழைக்கத்தானே பார்ப்பார். சில வீடுகளுக்கு அது நல்ல தெரிவும்கூட. ஆனால் ஏழாவது மாதம் விலை ஏறினால், பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். பத்து நிமிட வேலை அங்கே இல்லை.

இன்னொரு பக்கம், மாதக் கட்டணம் கொடுப்பவர்கள் குறையக் குறைய, பொதுக் காசில் போட்ட அந்த வயரின் செலவை மிச்சமிருப்பவர்கள்தான் தாங்க வேண்டும். என்பிஎன்னை விற்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்தது. டெல்ஸ்ட்ராவை விற்ற கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் விளங்கும். அந்த விவாதம் எங்கட அப்பா அம்மா இங்கே வந்திறங்கிய காலத்தது. அடுத்த விவாதம் வரும்போது வோட்டுப் போடப்போவது நாங்கள்.

புது அபார்ட்மென்டில் வாடகைக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போட முன்னம் ஏஜென்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கட்டடத்தின் ஃபைபர் யாருடையது? அதில் எத்தனை கம்பனிகள் விற்கின்றன? மாற வேண்டுமென்றால் யாராவது வீட்டுக்கு வர வேண்டுமா? எல்லாக் கட்டடத்திலும் என்பிஎன் இல்லை. தனியார் ஃபைபர் போட்ட இடங்களும் இருக்கின்றன, அங்கே தெரிவு குறைவாக இருக்கலாம்.

அப்பா 5ஜி எடுக்கவில்லை. பிரசுரத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார், அடுத்த முறை இப்போதைய கம்பனியோடு விலை பேசும்போது காட்டுவாராம்.

உங்கட வீட்டு வயர் ஆரின்ர? கண்டுபிடித்து எழுதுங்கள், அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.