பராமரிப்புக் கட்டணம்: பணம் கட்டுபவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டா?

வீட்டுவசதி வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்போர் செலுத்தும் பராமரிப்புக் கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், எவ்வாறு பகிர்கிறார்கள், தவறு நேர்ந்தால் எங்கே முறையிடுவது என்பது குறித்து இந்தத் தொகுப்பில் விரிவாகக் காணலாம்.

சந்தாபுரா (பெங்களூரு): ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே அமைந்துள்ள சந்தாபுரா, கடந்த சில ஆண்டுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த பகுதியாக மாறியுள்ளது. கர்நாடக வீட்டுவசதி வாரியத்தின் சூர்யா நகர் குடியிருப்பும் சந்தாபுரா - ஆனேக்கல் சாலையை ஒட்டியே உருவானது. பொம்மசந்திரா தொழிற்பேட்டை, எலெக்ட்ரானிக் சிட்டி நிறுவனங்கள் ஆகியவற்றில் பணிபுரியும் தமிழர்கள் பலரும் இப்பகுதியில் வீடு வாங்கி வசிக்கின்றனர். ஆர்.வி. சாலை - பொம்மசந்திரா மெட்ரோ வழித்தடம் 2025 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட பிறகு இங்கு வீடு தேடுவோருக்கு மேலும் ஒரு காரணம் கிடைத்துள்ளது.

வீடு வாங்குவோர் விலையையும் வங்கிக் கடன் தவணையையும் கணக்கிடுகின்றனர். ஆனால், அந்த வீட்டில் வசிக்கும் காலம் முழுவதும் மாதந்தோறும் செலுத்த வேண்டிய பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. மின்தூக்கி, ஜெனரேட்டர், காவலர் ஊதியம், டேங்கர் லாரித் தண்ணீர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பொது விளக்குகள் என அனைத்துச் செலவும் இதில் அடங்கும். 1,000 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 3 ரூபாய் வீதம் வசூலித்தால், மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000 ரூபாய் ஆகிறது.

உரிமையாளரா, குத்தகைதாரரா?

அரசு அமைப்புகளிடம் வீடு அல்லது மனை பெறுவோர் முதல் நாளிலேயே முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வீட்டுவசதி வாரியம், பெங்களூரு வளர்ச்சி ஆணையம் போன்ற அமைப்புகளின் ஒதுக்கீடுகளில் 'குத்தகையுடன் கூடிய விற்பனை' ஒப்பந்தம் நீண்டகாலமாக வழக்கத்தில் உள்ளது. குறிப்பிட்ட காலம் வரை ஒதுக்கீடு பெற்றவர் குத்தகைதாரராகவே கருதப்படுவார். தவணைகளும் நிபந்தனைகளும் நிறைவேறிய பின்னரே விற்பனைப் பத்திரம் பதிவு செய்யப்படும்.

இந்த இடைக்காலத்தில்தான் சிக்கல் எழுகிறது. கட்டடமும் பொதுப் பகுதிகளும் அரசு அமைப்பின் பெயரில் இருக்கும். பராமரிப்புச் செலவை வசிப்போர் ஏற்பார்கள். கட்டணத்தை உயர்த்தும் முடிவு ஓரிடத்திலும், அதைச் செலுத்தும் கடமை வேறோர் இடத்திலும் இருப்பதால், 'எதற்காக இந்தத் தொகை' என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது கடினமாகிறது. உரிமையாளருக்குரிய சுமையைச் சுமப்பவருக்கு உரிமையாளருக்குரிய குரல் உண்டா என்பதே இங்கு எழும் அடிப்படைக் கேள்வி.

அரசு அமைப்புக்கும் ரெரா பொருந்தும்

மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016 (ரெரா) தனியார் கட்டுமான நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அது சரியல்ல. விற்பனைக்காக அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வளர்ச்சி ஆணையங்களையும் பிற பொது அமைப்புகளையும் இச்சட்டம் 'திட்ட மேம்பாட்டாளர்' என்ற வரையறைக்குள்ளேயே கொண்டு வந்துள்ளது. எனவே, தனியார் நிறுவனத்துக்குள்ள கடமைகள் அரசு அமைப்புக்கும் உண்டு.

இச்சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, குடியிருப்போர் சங்கம் பொறுப்பேற்கும் வரை அத்தியாவசியச் சேவைகளை 'நியாயமான கட்டணத்தில்' வழங்கிப் பராமரிப்பது மேம்பாட்டாளரின் கடமையாகும். சங்கம் அமைவதற்கு வழிசெய்வதும் அவரது பொறுப்பே. உள்ளூர்ச் சட்டம் ஏதும் இல்லாத நிலையில், பெரும்பான்மை வீடுகள் முன்பதிவான 3 மாதங்களுக்குள் சங்கம் அமைக்கப்பட வேண்டும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைபாடுகளை மேம்பாட்டாளரே கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். அத்தகைய பழுதுக்கான செலவைப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ப்பது முறையாகாது.

அதேவேளையில், தமக்குரிய பராமரிப்புப் பங்கை உரிய நேரத்தில் செலுத்துவது வீடு பெற்றவரின் கடமை என்று 19-ஆவது பிரிவு கூறுகிறது. மேலும், இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்த 2017 மே 1-ஆம் தேதிக்கு முன்பே நிறைவுச் சான்று பெற்ற பழைய திட்டங்கள் பொதுவாக இதன் வரம்புக்குள் வருவதில்லை.

செலவு பகிரப்படுவது எப்படி?

கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1972-இன் கீழ், நிலத்திலும் பொதுப் பகுதிகளிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கின் விகிதத்திலேயே பொதுச் செலவு பகிரப்படுகிறது. எடுத்துக்காட்டாக, மின்தூக்கியை மாற்ற 4 லட்சம் ரூபாய் செலவாகிறது என்று கொள்வோம். 1 விழுக்காடு பங்குள்ள சிறிய வீட்டின் உரிமையாளர் 4,000 ரூபாயும், 3 விழுக்காடு பங்குள்ள பெரிய வீட்டின் உரிமையாளர் 12,000 ரூபாயும் தர வேண்டும். 40 வீடுகள் உள்ள வளாகத்தில் இதே தொகையைச் சமமாகப் பிரித்தால், ஒவ்வொருவரும் 10,000 ரூபாய் செலுத்த நேரிடும். இத்தகைய வேறுபாடே பல சங்கங்களில் பூசலுக்குக் காரணமாகிறது.

'நான் தரைத்தளத்தில் வசிக்கிறேன், மின்தூக்கியைப் பயன்படுத்துவதில்லை' என்ற வாதம் சட்டத்தின்முன் நிற்காது. பொதுப் பகுதியைப் பயன்படுத்தவில்லை என்பதற்காகவோ, வீட்டைப் பூட்டி வைத்திருப்பதற்காகவோ கட்டணத்திலிருந்து விலக்குப் பெற முடியாது. நிலுவைத் தொகை அந்த வீட்டின் மீதான பொறுப்பாகவே தொடரும். வீடு விற்கப்பட்டால், வாங்கியவரும் விற்றவருடன் சேர்ந்து நிலுவைக்குப் பொறுப்பாவார். ஆகவே, பழைய வீட்டை வாங்குவோர் நிலுவை குறித்த அறிக்கையைச் சங்கத்திடம் முன்கூட்டியே எழுத்துவடிவில் பெறுவது அவசியம்.

இந்தக் கடமைகளுக்கு ஈடான உரிமையையும் அதே சட்டம் வழங்குகிறது. வரவு செலவுக் கணக்குகளும் அவற்றுக்கான ரசீதுகளும் முறையாகப் பேணப்பட வேண்டும். வேலை நாள்களில் உரிய நேரத்தில் அவற்றைப் பார்வையிட ஒவ்வொரு வீட்டு உரிமையாளருக்கும் உரிமை உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையேனும் தணிக்கை நடைபெற வேண்டும்.

ஜிஎஸ்டி எப்போது சேரும்?

ஒரு வீட்டின் மாதாந்திரக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. கட்டணம் 9,000 ரூபாயாக இருந்தால் முழுத் தொகைக்கும் வரி உண்டு என்பது மத்திய அரசு 2019 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின் நிலைப்பாடு. அதன்படி வரி 1,620 ரூபாய். ஆனால், 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி பொருந்தும் என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அந்தக் கணக்கின்படி வரி 270 ரூபாய் மட்டுமே.

லண்டனிலும் சிங்கப்பூரிலும்

இந்தச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் மூலம், உள்ளாட்சி மன்றங்களின் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தவர்கள் தங்கள் வீட்டை நீண்டகாலக் குத்தகையாக வாங்கும் உரிமை பெற்றனர். கட்டடம் மன்றத்தின் உடைமையாகவே தொடர்ந்ததால், கூரை, மின்தூக்கி, வெளிச்சுவர் ஆகியவற்றைச் சீரமைக்கும் செலவில் அவர்களும் பங்கேற்க வேண்டியதாயிற்று. லண்டனின் நியூஹாம் பகுதியைச் சேர்ந்த ஃப்ளோரி போர்ன் என்ற 93 வயது மூதாட்டிக்குக் கூரைப் பணிக்காகச் சுமார் 50,000 பவுண்டுக்கான கட்டணச் சீட்டு அனுப்பப்பட்டது பெரும் விவாதத்தை எழுப்பியது.

அதன் விளைவாக 2014-இல் 'ஃப்ளோரி சட்டம்' என்று அழைக்கப்படும் விதி நடைமுறைக்கு வந்தது. அரசு நிதியுதவியுடன் நடைபெறும் சீரமைப்புப் பணிகளுக்கு, 5 ஆண்டுக் காலத்தில் லண்டனில் 15,000 பவுண்டுக்கும் பிற இடங்களில் 10,000 பவுண்டுக்கும் மேல் குத்தகைதாரரிடம் வசூலிக்கக் கூடாது என்பதே அந்த விதி. இது தவிர, ஒருவரின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் பணிகளுக்கு முன்கூட்டியே கலந்தாலோசனை நடத்த வேண்டும் என்றும், கட்டணம் நியாயமற்றது எனத் தோன்றினால் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூரில், வீட்டுவசதி வளர்ச்சிக் கழகத்தின் வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுகின்றன. பராமரிப்பு நகர மன்றங்களின் பொறுப்பு. சிறிய வீடுகளுக்குக் கட்டணம் குறைவு. வசூலாகும் தொகையில் ஒரு பகுதி எதிர்காலப் பெரும்பணிகளுக்கான நிதியில் கட்டாயம் சேர்க்கப்படுகிறது. இதனால் பழுது நேரும் நாளில் திடீரெனப் பெருந்தொகை கேட்கப்படுவது தவிர்க்கப்படுகிறது.

குடியிருப்போர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் பராமரிப்பு குறித்த நிபந்தனையைப் படித்து, கட்டணம் எந்த அடிப்படையில் கணக்கிடப்படுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, வீட்டுவசதி வாரியம் பொது அமைப்பு என்பதால், அது வசூலித்த தொகை, செய்த செலவு, ஒப்பந்ததாரருக்கு அளித்த பணம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதிலுக்கான காலவரம்பு 30 நாள்கள். தனியார் நிறுவனத்திடம் நேரடியாக இவ்வாறு கேட்க இயலாது என்பதால், அரசுக் குடியிருப்பில் வசிப்போருக்கு இது கூடுதல் வாய்ப்பாகும்.

மூன்றாவதாக, சங்கத்தைப் பதிவு செய்து பொதுப் பகுதிகளின் பொறுப்பை ஆவணங்களுடன் ஏற்க வேண்டும். வரைபடங்கள், மின்தூக்கி மற்றும் ஜெனரேட்டருக்கான உத்தரவாதச் சீட்டுகள், மூலநிதிக் கணக்கு ஆகியவை இல்லாமல் பொறுப்பேற்றால், பழைய குறைகளுக்கான செலவும் புதிய சங்கத்தின் தலையில் விழும்.

கட்டணம் கூடுதல் எனக் கருதுவோர் அதைச் செலுத்தாமல் நிறுத்திவிடுவது தீர்வாகாது. நிலுவை வீட்டின் மீதே ஏறும். அண்டை வீட்டாரின் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் அது தடையாகும். ஆட்சேபத்தை எழுத்துவடிவில் தெரிவித்துவிட்டுக் கட்டணத்தைச் செலுத்துவதும், கணக்கைக் கோரிப் பெறுவதும், பதில் கிடைக்காவிடில் கர்நாடக ரெரா ஆணையத்தில் முறையிடுவதுமே பாதுகாப்பான வழியாகும்.