அட்டி சரிந்தால் ஆள் காலி: குடோன் தொழிலாளர்களே உஷார்!

விடியற்காலையில் லாரி வந்து நிற்கும். தார்ப்பாயை அவிழ்ப்பதற்குள் லோடுமேன்கள் தலையில் சும்மாடு கட்டி ரெடியாகி விடுவார்கள். அரிசி, பருப்பு, சர்க்கரை, கூல்டிரிங்ஸ் கிரேட் என்று எல்லாம் தோளிலும் தலையிலும் ஏறி குடோனுக்குள் போகும். அங்கிருந்துதான் நம்ம தெரு மளிகைக் கடைக்கே சரக்கு வருகிறது.

"பட்டாசு ஆலையா, கெமிக்கல் கம்பெனியா? வெறும் அரிசி மூட்டைதானே, இதில் என்ன ஆபத்து?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் சாப்பாட்டுப் பொருள் வைக்கும் இடத்திலும் ஆள் சாகிறான்.

கர்நாடக மாநிலம் விஜயபுராவில் 2023 டிசம்பரில் நடந்த சம்பவம் நாட்டையே உலுக்கியது. மக்காச்சோளம் சேமித்து வைத்திருந்த இடத்தில் சரக்கு மொத்தமாக சரிந்து தொழிலாளர்களை மூடியது. 7 பேர் பலியானார்கள். எல்லோரும் பீகாரில் இருந்து பிழைக்க வந்தவர்கள். அதே ஆண்டு மார்ச் மாதம் உத்தரப்பிரதேசத்தில் சம்பல் மாவட்டம் சந்தவுசியில் உருளைக்கிழங்கு குளிர்பதன கிடங்கின் கூரை இடிந்து 14 பேர் உயிரிழந்தனர்.

இதையெல்லாம் தலைவிதி என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. குடோனில் வரும் ஆபத்து பெரும்பாலும் முன்கூட்டியே சிக்னல் கொடுக்கும். அதை முதலில் பார்ப்பவர் மூட்டை தூக்கும் தொழிலாளிதான். என்ன சிக்னல் என்று தெரிந்திருந்தால் உயிர் தப்பலாம்.

எலி கடித்த மூட்டை

அட்டி என்பது செங்கல் சுவர் மாதிரி. ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் ஒன்றை ஒன்று பிடித்துக் கொள்ளும். அவசரத்தில் ஒரே வாக்கில் அடுக்கினால் பிடிப்பு கிடையாது. சணல் சாக்காவது சொரசொரப்பாக இருக்கும். இப்போது வரும் பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும்.

அடி மூட்டையை எலி கடித்தால் தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். மூட்டை தொய்யும். மேலே உள்ள அத்தனை பாரமும் அந்தப் பக்கம் சாயும். தரையில் ஈரம் ஏறி சாக்கு மக்கினாலும் இதே கதைதான்.

அட்டி வயிறு தள்ளி நிற்கிறதா? கீழே புதுசாக தானியம் கொட்டிக் கிடக்கிறதா? நேற்று நேராக இருந்தது இன்று சாய்ந்திருக்கிறதா? கிட்டே போகாதீங்க. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

இன்னொரு தப்பு, முன்பக்கத்து மூட்டைகளை மட்டும் நெட்டுக்குத்தாக உருவி எடுப்பது. பின்னால் இருப்பது பிடிமானம் இல்லாத சுவராக நிற்கும். எப்போதும் மேலே இருந்து, படிக்கட்டு மாதிரி இறக்கி வர வேண்டும். அட்டிக்குக் கீழே கட்டை அல்லது பலகை போடணும். சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விடணும்.

தானியத்துக்குள் சிக்கினால்

கொட்டி வைத்த நெல், சோளக் குவியல் மீது ஏறுவதும் ஆபத்து. அடியில் இருந்து சரக்கு இறங்கும்போது மேலே நிற்பவரை உள்ளே இழுக்கும். நெஞ்சு வரை புதைந்தவர் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் தானியம் இன்னும் நெருக்கிப் பிடிக்கும். அடுத்த மூச்சு இழுக்க இடம் இருக்காது.

அவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்க முடியாது. காப்பாற்றப் போகிறேன் என்று இன்னொருவர் குதித்தால் அவரும் சிக்குவார். உடனே சரக்கு இறங்குவதை நிறுத்தி, தீயணைப்புத் துறைக்கு 101 அடிக்க வேண்டும். சுற்றிலும் உள்ள தானியத்தை அள்ளி எடுத்த பிறகுதான் ஆளை வெளியே எடுக்க முடியும்.

பலகை மேலே ஆள், கீழே லாரி

லாரிக்கும் குடோன் திண்ணைக்கும் நடுவே பலகை போட்டு மூட்டையோடு நடப்பார்கள். அந்த நேரம் டிரைவர் வண்டியை அசைத்தால் ஆள் அவ்வளவுதான். தலையில் மூட்டை இருப்பவருக்கு பக்கவாட்டில் எதுவும் தெரியாது.

லோடு இறங்கும் வரை டயருக்குக் கட்டை கொடுங்க. வண்டிச் சாவி மேஸ்திரி கையில் இருக்கட்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா... வா..." என்று கை காட்டுபவர், டிரைவரின் கண்ணாடியில் தெரியும்படி ஓரமாக நிற்க வேண்டும். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கவே கூடாது.

மருந்து வைத்த குடோன்

வண்டு, அந்துப்பூச்சி வராமல் இருக்க அட்டியை பிளாஸ்டிக் விரிப்பால் மூடி அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அதில் இருந்து பாஸ்பைன் என்ற விஷவாயு கிளம்பும். பூண்டு மாதிரியோ அழுகிய மீன் மாதிரியோ வாடை வரலாம். வாடை வராவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைத்து விடக்கூடாது.

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. தலைவலி, குமட்டல், நெஞ்சு இறுக்கம் வந்தால் "வெயில்தான்" என்று டீ குடித்துவிட்டு மறுபடி உள்ளே போகாதீங்க. காற்றோட்டமான இடத்துக்கு வந்து 108க்கு போன் போடுங்க. நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்துக்கூட வரும்.

மருந்து வைத்த குடோனில் படுத்துத் தூங்குவது கூடவே கூடாது. பயிற்சி பெற்றவர்கள் திறந்துவிட்டு, காற்று போனபிறகே உள்ளே போகணும்.

ஐஸ் ரூமில் கண் எரிந்தால்

மீன், ஐஸ்கிரீம் வைக்கும் பெரிய குளிர்பதன கிடங்குகளில் அமோனியா ஓடும். குழாய் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும், கண் எரியும். தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலையில் 2024 ஜூலையில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

நெடி வந்ததும் காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே ஓடி வெளியேறணும். கண்ணை 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரில் கழுவணும். ஐஸ் ரூமுக்குள் தனி ஆளாகப் போகக்கூடாது. உள்ளே இருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்கணும்.

முதுகு போனால்

10 டன் லாரியில் 50 கிலோ மூட்டை 200 இருக்கும். 4 பேர் இறக்கினால் ஆளுக்கு இரண்டரை டன். அதுவும் ஒரு லாரிக்கு. ஒரு ஆண் தொழிலாளி தூக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967லேயே சொல்லிவிட்டது. 75 கிலோ, 100 கிலோ மூட்டையை ஒற்றை ஆளிடம் ஏற்றிவிடுவது வீரம் இல்லை. தள்ளுவண்டி வையுங்க என்று முதலாளியிடம் கேட்கலாம்.

அடிபட்டால் என்ன செய்யணும்?

முதல் வேலை சிகிச்சை. "கீழே விழுந்துட்டான்" என்று சொல்லாமல், எந்த குடோனில், எத்தனை மணிக்கு, என்ன வேலையில் அடிபட்டது என்று ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்க. பிறகு நஷ்டஈடு கேட்க அதுதான் ஆதாரம்.

ஈ.எஸ்.ஐ. இருந்தால், வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்கு சராசரி கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்ற சட்டம் 1923லேயே வந்தது. இப்போது அது 2020ம் ஆண்டு சமூக பாதுகாப்பு சட்டத்தொகுப்பில் சேர்ந்துள்ளது. தினக்கூலி லோடுமேன்கள் தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்து கொள்ளலாம். பதிவு இருந்தால்தான் விபத்து உதவித்தொகை வரும். அட்டையைப் புதுப்பிக்க மறக்காதீங்க.

"சும்மா ஏறுப்பா, இத்தனை நாள் விழாததா இன்னைக்கு விழப்போகுது" என்று யாராவது சொன்னால், சாய்ந்த அட்டியைக் கை காட்டுங்க. பிரித்து அடுக்க ஒரு மணி நேரம் ஆகும், அன்றைக்கு ஒரு லாரி லேட்டாகும். அவ்வளவுதான் நஷ்டம்.